செருப்பு வெளியில் கிடக்கிறது

அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள், பள்ளி நூலகத்தில் பாயில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பனி பொழியும் கிறிஸ்துமஸ் கதையொன்றை வாசித்துக்கொண்டிருந்தாள் ஏழாம் வகுப்பு ஜெனிட்டா. “மணியடிச்சா பாதியிலயே எந்திரிச்சு ஓடிருவாங்க, பாரு” என்று வகுப்புத் தோழன் இன்பராஜ் சவால் விட்டிருந்தான். கதையில் ஊர் முழுவதையும் பனி மூடியபோது பள்ளி விடும் மணியடித்தது. அவள் நிறுத்தவில்லை, அவர்களும் எழவில்லை. கதை முடிந்த பிறகும் பாயைவிட்டு யாரும் இறங்கவில்லை. வெளியே நல்ல வெயில்.

“ஏன், வீட்டுக்குப் போகலையா?”

“செருப்பு வெளியில கெடக்குதுக்கா. வெறுங்காலோட பனியில எப்படி நடக்குறது?” என்றான் ஒரு பொடியன், காலை உள்ளே இழுத்துக்கொண்டு.

ஜெனிட்டா தலைநிமிர்ந்து வாசலுக்குப் போனாள். “ஓரமா நில்லுடா, வழுக்கும்” என்றாள், அங்கே வாய்பிளந்து நின்ற இன்பராஜிடம். செருப்புகளை அள்ளி வந்து, ஒவ்வொன்றையும் தட்டி உதறிப் பிள்ளைகளிடம் நீட்டினாள்.