சின்ன மிஸ் போட்ட தப்பு

கோவில்பட்டி பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கை இப்போது திரையில் இருக்கும் செண்பகவல்லிதான் நடத்துகிறாள். எட்டு வருடங்களுக்கு முன் டீச்சர் செண்பகவல்லி எடுத்த வகுப்புகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்து உருவாக்கிய ஏ.ஐ. டீச்சர் அது. பிள்ளைகள் அதைச் 'சின்ன மிஸ்' என்பார்கள். நிஜ செண்பகவல்லியின் வேலை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டேப்லெட்டுகளில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. சின்ன மிஸ் ஒரே ஒரு தப்பாவது செய்ய வேண்டும். நரைக்காத அந்தத் தலைமுடியையும் சலிக்காத குரலையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஜூன் மாதத்திலிருந்து காத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. "முப்பத்தாறும் அறுபத்துநாலும் தொண்ணூறு" என்று சொல்லிக்கொண்டே எழுதியது சின்ன மிஸ்.

செண்பகவல்லி துள்ளி எழுந்தாள். "தப்பு! நூறு வரணும்! பாத்தீங்களாடி உங்க சின்ன மிஸ் லட்சணத்த?"

வகுப்பே சிரித்தது. முன் பெஞ்சு ரெஜினா திரும்பினாள். "மிஸ், அது வேணும்னேதான் தப்பா போட்டிருக்கும். நாங்க கவனிக்கிறோமான்னு பாக்கத்தான். முன்னாடி நீங்களும் அப்படித்தான் போடுவீங்களாமே, எங்க அக்கா சொல்லிருக்கா."

ஆமாம், போடுவாள். எப்போது நிறுத்தினோம் என்பதுதான் அவளுக்கு நினைவில்லை.

திரையில் இருந்தவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "சபாஷ்! யாரு கண்டுபிடிச்சது? எந்திரிச்சு நில்லும்மா. எல்லாரும் கைதட்டுங்க."

வகுப்பு கைதட்டியது. நின்றுகொண்டிருந்தது செண்பகவல்லி மட்டும்தான்.