போல்ட்டை மாத்தியாச்சு

"இன்னைக்கும் அரை டம்ளர்தானா? பால்காரர் வரலையா?"

மெக்கானிக் சலிப்போடு டீயைக் குடித்துவிட்டு, வாசலில் நின்ற தன் பைக்கின் முன்னால் மறுபடியும் உட்கார்ந்தார். பகலெல்லாம் பட்டறையில் குனிந்த முதுகு விண்விண்ணென்று வலித்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருந்த பழைய போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேஸ் வண்டிக்குப் போடுகிற கெட்டி போல்ட்டுகளாகப் போட்டு முறுக்கியிருந்தார்.

"இன்னுமா ஆடுது?" என்றாள் மனைவி.

"ஆடுதே! ஹேண்டிலைப் பிடிச்சா வெடவெடன்னு நடுங்குது. ஊரார் வண்டியெல்லாம் என் பேச்சைக் கேக்குது, என் வண்டி மட்டும் என்னைப் பாடாப் படுத்துது."

"நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"ஓட்டு. அப்பத்தான் உனக்கும் புரியும்."

அவர் பின்னால் ஏறிக்கொண்டார். அவள் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். மேடு பள்ளத்தில்கூட வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது.

"எங்கடி ஆடுது?" என்று அவர்தான் கேட்டார்.

அவள் வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். தன் இடுப்பைப் பிடித்திருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

எஞ்சின் அடங்கிவிட்டது. அவர் கை அடங்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்தபடியே கேட்டார், "உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்க சட்டையில டீ சிந்த ஆரம்பிச்சப்பவே," என்றாள். "அதான் அரை டம்ளர்."