முன் சக்கரம் மட்டும்

மெக்கானிக் முருகையா காரின் முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தான். அசையக் கூடாத சக்கரம் கடகடவென்று ஆடியது.

பாக்கார் ஆராங் தெருக்களில் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோதே அவனுக்குச் சந்தேகம்தான். வேகம் ஏற ஏற ஓர் இரைச்சலும் கூடவே ஏறியது. இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் இன்னும் பலமாகக் கேட்டது. முன்னால் இரண்டு பேரிங்கும் போய்விட்டது என்றான்.

போனால் மாற்றிக்கொள்ளலாம். காரின் சொந்தக்காரர் எர்னஸ்ட்டைக் கலக்கியது அது இல்லை. ஏன் போனது என்று இவன் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டு வந்திருந்தார்.

காரணம், பக்கத்திலேயே மனைவி கேதரின் நின்றாள். அந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, பள்ளிக்கூடம் லீவு. வேண்டாம் என்று சொல்லியும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

எர்னஸ்ட் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. கேதரின் டவுனில் தமிழ்ப்பள்ளி டீச்சர். அந்தக் கிழட்டு மோரிஸ் மைனரை ஓட்டுகிறவர்கள் அவர்கள் இரண்டே பேர். பள்ளிக்கூட நாட்களில் அவள் எடுத்துப் போவாள். சனிக்கிழமை சாயங்காலம் அவர் எடுத்துப் போவார், ஞாயிறு பூசைக்கு முன்னால் ஆற்றில் கழுவ.

ஆற்றில் இறக்கிக் கழுவுவது தோட்டத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் அந்த ஆற்றுக்கு அக்கரையில் செலஸ்டின் இருந்தாள்.

ஒரே மகள். எழுபத்தெட்டில், அக்கரைத் தோட்டத்து லாரி டிரைவர் தர்மலிங்கத்தோடு மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு போனவள்.

அன்றைக்கு எர்னஸ்ட் மாதா படத்துக்கு முன்னால் நின்று, உயிர் உள்ளவரை அந்த ஆற்றைத் தாண்டமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கேதரின் அதற்கும் ஒரு படி மேலே போனாள். இனி அவள் பெயரே இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றாள். அதன்படியே ஒரு நாளும் கேட்கவில்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பேரன் பிறந்த சேதி வந்ததும் எர்னஸ்ட்டுக்குச் சதை ரொம்பவே ஆடிவிட்டது. சத்தியத்தையும் விட முடியாது, பிள்ளையையும் பார்த்தாக வேண்டும்.

மனிதர் கிராணி அல்லவா, வழி கண்டுபிடித்தார். லாரிகள் இறங்கி அக்கரை ஏறும் துறையில் முன் சக்கரம் மட்டும் நனைகிற மாதிரி காரை நிறுத்துவார். செலஸ்டின் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பையனைப் பானெட்டின் மேல் உட்கார வைப்பாள். தாத்தா ஒரு கையில் ஈரத்துணியும் மறு கையில் பேரனுமாக, பொழுது சாயும்வரை கொஞ்சிக்கொண்டு நிற்பார். ஆற்றைத் தாண்டவில்லை, ஆகவே சத்தியத்துக்குப் பங்கமில்லை. ஓடி வந்த சூட்டோடு சக்கரம் தண்ணீரில் கிடக்கிறதே என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

வீடு திரும்பினால் கேதரின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும். பெற்ற வயிறு இப்படியும் கல்லாகுமா என்று மனசுக்குள் ஏசுவார். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள்தான். அவள் முன்னால் தான் பொய்யனாக நிற்கிற நாள் வந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எப்படி இருப்பது?

முருகையா சக்கரத்தின் நடுமூடியைத் தட்டிக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்தான். கிரீஸ் பால் ஊற்றிய டீயைப் போல வெளுத்திருந்தது.

"தண்ணி போயிருக்குண்ணே. சூடான சக்கரம் தண்ணியில முங்கினா உள்ள இழுத்துக்கும்லா. ஆத்துல இறக்குறீங்களா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். எர்னஸ்ட் மனைவியின் பக்கம் திரும்பாமலேயே பதில் சொன்னார்.

"கழுவத்தான்பா. முன் சக்கரம் மட்டும்தான் இறக்குவேன். மாதா சத்தியமா, பின் சக்கரத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல."

யாரும் கேட்காத கேள்விக்கு இவ்வளவு பெரிய சத்தியமா என்று முருகையா சிரித்தான். கேதரின் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. போச்சு, புரிந்துகொண்டுவிட்டாள் என்று எர்னஸ்ட் நினைத்தார்.

முருகையா ஜாக்கியை உருட்டிக்கொண்டு காரின் பின்பக்கம் போனான்.

"பின்னாடி வேணாம் தம்பி," என்றாள் கேதரின் அவசரமாக. "அது நல்லாத்தான் ஓடுது."

இரண்டைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டை விட்டுவிட அவனுக்கு மனசு வரவில்லை. தூக்கினான், சுற்றிவிட்டான், காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டான். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினான். அதே வெளுத்த டீ.

"இங்கயும் தண்ணிதாண்ணே. ரெண்டு பக்கமும்."

இல்லவே இல்லை என்று சொல்ல எர்னஸ்ட் வாயைத் திறந்தார். அவர் நிறுத்துகிற இடத்தில் பின் சக்கரம் இரண்டும் கரை மணலில்தான் நிற்கும். அவை நனைய வேண்டுமென்றால் கார் ஆற்றுக்குள் முழுசாக இறங்கி, அக்கரைக்குப் போய்த் திரும்பியிருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டு அவர் கேதரினைப் பார்த்தார்.

அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்து, முருகையாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"பையன் நடக்க ஆரம்பிச்சிட்டான். பானெட்டு மேலயே உக்கார வச்சுக்கிட்டிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"