உள்ளங்கை மஞ்சள்

"தேங்காய்கூடப் போடாம எரிசேரி வெக்கிற கஞ்சப் பிசினாறி யாரும்மா?"

வாழையிலைப் பொதியைப் பிரித்ததுமே அவுசேப்பு ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் சோற்றோடு பரங்கிக்காய் எரிசேரிதான்.

படகுத்துறையில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு கிடக்கிறார். மனைவி இல்லை. மகள் அயர்லாந்தில் நர்ஸ். அடுப்பு மூட்ட ஆளில்லாத வீட்டுக்கு, பஞ்சாயத்து வார்டில் யாராவது ஒருவர் மதியப் பொதி கட்டிக் கொடுப்பார்கள். கொண்டுவருவது சுகாதாரப் பணியாளர் ரம்லா. கொடுத்தவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். அதுதான் அங்கே முறை.

"கோர்ட்டு தடை மட்டும் இல்லேன்னா, வேலியோரத் தென்னையில நானே ஒரு காயைப் பறிச்சுக் கொடுத்திருப்பேன்," என்றார்.

இரண்டு வீட்டுக்கும் இருந்த அந்த ஒரே தென்னைக்காகப் பக்கத்து வீட்டு விதவை குஞ்ஞேலிமேல் வழக்குப் போட்டவரே இவர்தான். தீர்ப்பு வரும்வரை இருவரும் காய் பறிக்கக் கூடாது. பேச்சும் அன்றோடு நின்றது.

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க சேட்டா," என்று ரம்லா போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவளுக்கு விடுப்பு. பொதி மட்டும் கேட்டில் தொங்கியது.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் உள்ளங்கை இரண்டும் மஞ்சளாகிவிட்டன. காமாலை என்று ஊரே முடிவு கட்டியது. பேப்பர்காரன் மதிலோடு திரும்பினான். சீட்டாட வந்தவர்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். பேச்சுக்கு ஆளில்லாமல், ரேடியோவில் செய்தி வாசிப்பவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். செத்தாலும் நாலு பேர் வருவார்களா என்று பயமாக இருந்தது.

திரும்பி வந்த ரம்லா அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"கண்ணு வெள்ளையாதான் இருக்கு. காமாலைன்னா இதுதான் முதல்ல மஞ்சளாகும். தோல் நிறம் பிறப்போட வந்து நிக்கறதில்ல சேட்டா. வெயில் பட்டா மாறும், ரத்தம் குறைஞ்சா மாறும், திங்கறதாலயும் மாறும். தினம் பரங்கிக்காய் தின்னா அந்த மஞ்சள் கையில ஏறும். விட்டா இறங்கிடும்."

போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. யாரோ ஒருத்தியின் கஞ்சத்தனத்தால் அல்லவா ஊர் தன்னை ஒதுக்கியது?

"அந்த மகராசியை நாலு வார்த்தை கேக்கணும். இதை அவ ஒரு நாளாவது தின்னிருப்பாளா?"

ரம்லாவின் பார்வை ஜன்னலுக்குப் போனது. அவரும் பார்த்தார்.

வேலிக்கு அப்பால் குஞ்ஞேலி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியை எட்டிப் பிடிக்க இரண்டு கைகளையும் தூக்கினாள். உள்ளங்கை இரண்டும் மஞ்சள்.

அவமானத்தில் அவுசேப்பின் தலை தானாகக் குனிந்தது.

"என்ன சேட்டா, கறியை மாத்தச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. வழக்கை நான் வாபஸ் வாங்கிடறேன். ஆளை ஏத்தி அந்தத் தென்னையில அவளைக் காய் பறிச்சுக்கச் சொல்லு. எரிசேரிக்குத் தேங்காய் வேணாமா?"