பட்டுச் சட்டையும் இழுவை பெல்ட்டும்

“மாப்ள, நீ இறங்காதே! பட்டுச் சட்டை பாழாயிடும்!” என்று கத்தினான் தோழன் சோம்கித்.

விராட் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு நாற்பது. ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்குள் மணப்பெண் மாலிவன் வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். தவறினால் அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவன் வந்த பிக்அப் வண்டியோ வாழைக்கன்று, கரும்புச் சீர்வரிசையோடு சேற்றில் அச்சுவரை புதைந்து கிடந்தது.

“மழை பெஞ்சு மூணு மாசமாச்சு. இங்க மட்டும் எப்படிடா சேறு?” என்றான் விராட்.

“அதை விடு. அங்க பொண்ணு வீட்டுக்காரங்க வழக்கப்படி மூணு இடத்துல சங்கிலி பிடிச்சு வழி மறிப்பாங்க. பாடு, ஆடு, தண்டால் எடுன்னு உயிரை வாங்குவாங்க. அதுக்கு வேற நேரம் வேணுமே!”

வயல் பக்கமிருந்து தடதடவென்று ஒரு டிராக்டர் வந்தது. விராட்டுக்குப் போன உயிர் திரும்பியது. ஓட்டி வந்தவள் வெயிலுக்காகக் கண்ணைத் தவிர முகமெல்லாம் துணி சுற்றியிருந்தாள். இழுவை பெல்ட்டைத் தூக்கிப் போட்டாள்.

“பம்பர்ல மாட்டாதீங்க, பிச்சுக்கும். அடியில கொக்கி இருக்கும் பாருங்க.”

“குடுங்கக்கா, நான் மாட்டறேன்” என்று வந்தான் சோம்கித்.

“உன் தொந்திக்கு அது ஆகாது. மாப்பிள்ளையே மாட்டட்டும்!”

விராட் யோசிக்கவே இல்லை. அப்படியே சேற்றில் படுத்து, உள்ளே கைவிட்டு மாட்டினான்.

“எல்லாரும் தள்ளிப் போங்க, பெல்ட் அறுந்தா அடிச்சிடும்!”

பெல்ட் விறைத்தது. வண்டி முக்கி முனகி மேடேறியது. ஊர்வலத்தோடு வந்த மத்தளக்காரர்கள் அங்கேயே ஆட ஆரம்பித்தார்கள். நன்றி சொல்லத் திரும்புவதற்குள் டிராக்டர் குறுக்கு வழியில் போய்விட்டது.

ஒன்பது மணிக்குச் சேற்றுச் சிலையாகப் போய் இறங்கினான் விராட். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு சங்கிலிக்குப் பாட்டு, இன்னொன்றுக்குத் தண்டால். அதோடு வழி விட்டுவிட்டார்கள்.

“மூணாவது எங்க?” என்றான் சோம்கித், ஆச்சரியமாக.

கொண்டையில் பூவும் தோளில் சேறு காயாத இழுவை பெல்ட்டுமாக ஒருத்தி முன்னால் வந்தாள். அந்தக் கண்களை விராட்டுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

“அதைத்தான் வர்ற வழியிலேயே தாண்டிட்டாரே! நான் பொண்ணோட சித்தி. நேத்து சாயங்காலம் பூரா அங்க தண்ணி பாய்ச்சினோம்ல!”

“அடப்பாவமே! யார் குடுத்த யோசனை சித்தி இது?” என்றான் விராட்.

மாடி ஜன்னலில் மணக்கோலத்தில் எட்டிப் பார்த்த மாலிவன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சட்டையைப் பார்ப்பீங்களா, என்னைப் பார்ப்பீங்களான்னு எனக்குத் தெரிய வேணாமா?”