சண்டிராணி

பல்லிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைக் குப்பியில் வளர்ப்பது என் வேலை. அவை யாருடைய தாடையில் எலும்பாகப் போகின்றன என்று எங்களுக்குத் தெரியாது. குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும்.

இந்த முறை வந்தது சரியான அடம். ஊட்டநீரை மாற்றியும் வளரவில்லை. நான்தான் சொதப்பிவிட்டேனோ என்று மாலை வகுப்புக்கு மட்டம் போட்டு மறுபடி சரிபார்த்தேன். கடுப்பில் மூடியில் 'சண்டிராணி' என்று எழுதினேன். ரோஷம் வந்ததுபோல் மளமளவென்று வளர்ந்தது.

அம்மாவுக்குத்தான் கோபம். "பெத்தவளைவிட அந்தக் குப்பி உனக்கு உசத்தி."

"நான் பாக்கலேன்னா அது செத்துடும்மா."

"என்னை யாரு பாக்கறதாம்? வெள்ளிக்கிழமை பல் டாக்டர்கிட்டயாவது கூட வா."

பல் கட்டத்தானே என்று போனேன்.

"பல்லைத் தாங்க எலும்பு வேணுமேம்மா. முன்னாடி எடுத்த உங்க கடைவாய்ப்பல்லுலேர்ந்து வளர்த்த செல் இது. ஈறும் எலும்பும் வளரட்டும், அப்புறம் பல் கட்டலாம்" என்று டாக்டர் பெட்டியைத் திறந்தார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே இருந்த குப்பியின் மூடியைப் படித்தாள்.

"ஏண்டி, எனக்குச் சண்டிராணின்னு பேரு வெச்சது யாரு? இந்தக் கோணல் எழுத்தை எங்கயோ பாத்திருக்கேனே."