பாட்டுக்கு அடியில்

ஸ்டூடியோவுக்குள் வந்ததும் வராததுமாக வீடியோ டிஸ்க்கை நீட்டினாள்.

“இதை எடிட் பண்ற மாதிரி ஃபைலா மாத்திக் குடுங்கண்ணே. முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பிட்டாங்க. மலையில தவறி விழுந்து செத்துப்போன எங்கக்கா குரலைக் கேட்கணும்.”

ஸ்டூடியோக்காரர் மாற்றினார். “நல்லவேளைம்மா, அசல் சத்தம் தனியா இருக்கு.” பாட்டை அணைத்தார்.

மலை விளிம்பில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் பின்னாடி போ,” என்றது கேமரா பிடித்தவனின் குரல்.

“பின்னாடி பள்ளங்க!” என்றாள் அக்கா.

“நான் பார்த்துக்கறேன், போ.”

அக்கா ஓர் அடி வைத்தாள். படம் அதோடு முடிந்தது.

ஸ்டூடியோக்காரர் அவள் பக்கம் திரும்பினார். “யாரும்மா எடுத்தது?”

“அக்கா வீட்டுக்காரர்.”

அவள் போன் அடித்தது. எடுக்கும் அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

“எங்கே இருக்கே? மலைக்குக் கிளம்ப வேணாமா? கேமராவுக்குச் சார்ஜ் போட்டாச்சு.”

“அதே குரலாச்சே!” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“இப்ப என் வீட்டுக்காரரும் அவர்தாண்ணே.”